மலைக்கு இந்தப் பக்கத்துக் கல்லூரி

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியின் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குச் சட்டம் படிக்கும் ஆசை வந்தது. அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பி.காம். முடித்த கையோடு சேர்ந்த வேலை அது. மாடியில் பெண்கள் காய் தரம் பிரிப்பார்கள், கீழே நாங்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருப்போம். பகல் முழுக்க அந்த வாசனைக்குள் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு உலகமே கொஞ்சம் தள்ளிப் போய்விட்ட மாதிரி இருக்கும். எதிரில் நின்று பேசுகிறவரின் குரல் எங்கோ அடுத்த தெருவிலிருந்து வருவது போலக் கேட்கும்.

அந்த நேரத்தில்தான் ஆட்கள் பத்திரங்களோடு வருவார்கள். தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம் பக்கத்துக்காரர்கள். மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், தாத்தா காலத்தில் வாங்கிப்போட்ட ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள். பத்திரம், வரி ரசீது, தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். எனக்கு மலையாளம் வாசிக்க வரும். என் அப்பா வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தார். ஐந்தாவது வரை நான் அங்கே படித்தேன். முதலாளி தன்னிடம் வருகிறவர்களை, "அந்தப் புள்ளைட்ட காட்டுங்க" என்று என் மேசைக்கு அனுப்பிவிடுவார். நான் வாசித்துச் சொல்வேன். கேட்டுவிட்டு, "இதுக்கு இப்ப என்னத்தா செய்யணும்?" என்பார்கள். "வக்கீலப் பாருங்க" என்று சொல்லி அனுப்புவேன்.

ஒருநாள் கோம்பையிலிருந்து வந்த ஒரு விவசாயி, அவருடைய நோட்டீஸை நான் வாசித்து முடித்து அதே பதிலைச் சொன்னதும், "அதான் உன்னையப் பாத்தாச்சே" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வக்கீல் இல்லை என்று புரியவைத்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் போன பிறகு வெகுநேரம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் தேவாரத்தில் மோட்டார், சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். அவர் ஒரு சுருள் குழாயை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நா சட்டம் படிக்கலாம்னு பாக்குறேன்" என்றேன்.

வெட்டி முடித்து, முனையைக் கட்டி, வாங்க வந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "எங்கன?" என்றார்.

இந்த வயதில் எதற்கு என்றோ, இரண்டாவது படிக்கிற மகளை யார் பார்ப்பது என்றோ கேட்பார் என்று நினைத்து, பஸ்ஸில் வரும்போதே பதில்களைத் தயார் செய்திருந்தேன். அவர் கேட்டதோ வேறு கேள்வி. அந்த 'எங்கன'வுக்குப் பதில் தேடித்தான் அந்த வருடத்து ஆனி மாதமும் ஆடியில் பாதியும் போயின.

முதலில் வந்த யோசனை கம்பத்தில் ஒரு டீக்கடையில் கிடைத்தது. என் கணவருக்குத் தெரிந்த ஒருவர், வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் தன்னால் இடம் வாங்கித் தர முடியும் என்றார். "வகுப்புக்கே போக வேணாம். பரீட்சைக்கு மட்டும் போய் வந்தா போதும். வேலையையும் விட வேணாம்" என்றார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. சம்பளம் நிற்காது, மகளை விட்டுப் பிரிய வேண்டாம், மூன்று வருடத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம். என் கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப பாடத்த எப்பண்ணே படிப்பாக?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த ஆளுக்கு அது கேலியாகப் பட்டுவிட்டது. பேச்சு அத்தோடு முடிந்தது.

"நேர்ல போய்ப் பாத்துருவோம். மோட்டாரு வாங்குறவனே ஓட விட்டுப் பாத்துத்தான் வாங்குறான்" என்றார் வெளியே வந்ததும்.

மதுரைக்கு ரயிலில் போனோம். போடியிலிருந்து மதுரைக்கு ரயில் சாயங்காலம் கிளம்பும். காலையில் திரும்பி வரும். அதனால் மகளை என் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு ஒரு வியாழக்கிழமை புறப்பட்டோம். கல்யாணமான பிறகு நாங்கள் இருவர் மட்டும் அப்படி ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. தேனி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயை நெருங்கும்போது காற்று பெட்டிக்குள் புகுந்து எல்லாருடைய பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெயில் சாய்ந்து, வண்டியின் நிழல் நீளமாகி, வயலுக்குள் கூடவே ஓடி வந்தது. எனக்கு நான் எங்கேயோ படிக்கப் போகிற சின்னப் பெண் போலவும், எதிரில் இருப்பவர் என்னைக் கொண்டுபோய் விட வருகிற யாரோ ஒரு நல்ல மனிதர் போலவும் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கல்லூரியைப் பார்த்தோம். கட்டணம் குறைவு. அரசுக் கல்லூரி என்பதால் அதில் பயமில்லை. ஆனால் தினமும் போய்வர முடியாத தூரம். அறை எடுக்க வேண்டும், சாப்பாடு, போக்குவரத்து என்று ஒவ்வொன்றாகச் சேரும். பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் என் கணவர் கேட்டார். "அண்ணே, இங்கன படிச்சவுகல்லாம் இப்ப என்ன செய்றாக?"

கடைக்காரர் மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பாதிப் பேரு ஐகோர்ட்டு கிளைக்கு ஓடுறாக. கொஞ்சப் பேரு ஜட்ஜ் பரீட்சைக்குப் படிக்கிறாக. சில பேரு பேங்குல, கம்பெனில சட்டப் பிரிவுக்குப் போயிருக்காக. சில பேரு இன்னும் என்ட்டத்தான் ஜெராக்ஸ் எடுத்துட்டு நிக்கிறாக." நாங்கள் மூன்று பேருமே சிரித்தோம்.

அடுத்து மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கேரளம் தெரியும். ஆனால் நேராக ஏறிப் போக வண்டிப் பாதை கிடையாது. கம்பம் போய், கம்பமெட்டு ஏறி, சுற்றித்தான் போக வேண்டும். ஒரு சனிக்கிழமை விடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். அந்த மலைப்பாதையில் ஏற ஏற வெயில் பின்னால் நின்றுவிட்டது. மேலே மழை. மழை என்றுகூடச் சொல்ல முடியாது, அங்கே மஞ்சு என்பார்களே, அந்த மூடுபனி தண்ணீராகிக் கையில் ஒட்டியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்த அதே மண்வாசனை. கட்டப்பனை தாண்டி ஒரு சரிவில் அந்தத் தனியார் கல்லூரி இருந்தது.

அந்த இடத்தை என்னால் சரியாக விவரிக்க முடியுமா என்று தெரியவில்லை. ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடம். நூலகத்தில் ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியே மஞ்சு உள்ளே வந்து, அலமாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டுப் போனது. நாலைந்து பெண்கள் ஒரு மேசையில் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வகுப்பறையில் ஆசிரியை ஏதோ ஒரு தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். பாதி ஆங்கிலம், பாதி மலையாளம். வராந்தாவில் நின்று கேட்டேன். சொல்லுக்குச் சொல் புரிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் குரல் என்னைத் தனக்குள் இருத்திக்கொண்டது. கூரையிலிருந்து சொட்டும் நீர் கல்லில் விழும் சத்தம். எவ்வளவு நேரம் நின்றேனோ. திரும்பியபோது என் கணவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தில் ஒரு அம்மா கட்டணம் சொன்னார், மதுரையைப் போலப் பல மடங்கு. என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்த அம்மா மழுப்பவில்லை. சிலர் எர்ணாகுளத்துப் பெரிய நிறுவனங்களுக்கும், சிலர் வளைகுடா நாட்டுக் கம்பெனிகளுக்கும் போயிருக்கிறார்கள், மற்றவர்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில்தான் இருக்கிறார்கள் என்றார். விடுதி உண்டு, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "ஒனக்கு இங்கன பிடிச்சிருக்கா?"

"ம்."

"மொகத்துலயே தெரிஞ்சது."

இறங்கும்போது கம்பமெட்டு வளைவு ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். மேகம் கிழிந்து கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. தென்னந்தோப்புகள், திராட்சைப் பந்தல்கள், வாழை, நடுவில் கம்பம் ஊர், எல்லாவற்றின் மேலும் மஞ்சள் வெயில். ஒரு பக்கம் தோள் நனைந்திருக்க இன்னொரு பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பல நாட்கள் நான் அந்த நூலகத்தில்தான் இருந்தேன். கணக்கு எழுதும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, சோறு வடிக்கும்போது. ஜன்னலுக்கு எந்தப் பக்கம் உட்காருவேன் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

தேனிப் பக்கத்து அரசுக் கல்லூரியைக் கடைசியாகப் பார்த்தோம். பக்கத்தில் இருப்பதைக் கடைசியில்தான் பார்க்கத் தோன்றும் போல. சமீபத்தில் வந்த கல்லூரி. புதுக் கட்டடம், சின்னதாக வளரும் வேப்பங்கன்றுகள், ஆடிக்காற்று வாரி இறைத்த செம்மண். என் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடிக்கவே ஒரு கை தேவைப்பட்டது. கட்டணம் மதுரை மாதிரியே குறைவு. தேவாரத்திலிருந்து போடி வழியாக பஸ்ஸில் தினமும் வந்துபோகலாம். மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பையனிடம் என் கணவர் கேட்டார், படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று.

அவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இனிமேத்தான்ணே தெரியும்" என்றான்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை. அது இன்னும் மலைமேல்தான் இருந்தது.

அந்த வாரம் அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, போடி கோர்ட்டுக்குப் போனேன். படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டாயிற்று, செய்வதையே ஒருநாள் உட்கார்ந்து பார்ப்போமே என்று தோன்றியது. காலையில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வழக்குகள் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் எழுந்தார்கள், தேதி வாங்கினார்கள், போனார்கள். மதிய இடைவேளையில் ஒரு புங்கமரத்தடியில் ஒரு பெண் வக்கீல் தனியாக எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் முதலாளியின் வழக்கு ஒன்றுக்காக ஓரிரு முறை அலுவலகத்துக்கு வந்தவள். என்னைவிடச் சின்னவள். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"வாங்கக்கா, என்ன இங்கன?" என்றாள். சொன்னேன். தன் டப்பா மூடியில் எனக்கும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"மூணு வருசப் படிப்புன்னு நெனைக்காதீகக்கா. ஆறுன்னு நெனைங்க. முடிச்சு, பார் கவுன்சில்ல பதிவு பண்ணி, ஒரு சீனியர்ட்ட சேந்தா, மொத மூணு வருசம் பஸ்ஸுக்கும் டீக்கும்தான் வரும். அதத் தாங்குறதுக்குக் கையில இருக்கணும்."

"நீங்க எங்க படிச்சீக?"

"பெங்களூருல. பெரிய காலேஜுதான். எங்கப்பா தோப்ப வித்துத்தான் சேத்து விட்டாக." அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். "அங்கன ரெண்டு வருசம் ஒரு கம்பெனில இருந்தேன். அம்மாவுக்கு முடியாம வந்துட்டேன். கம்பெனிக்குப் போறதுன்னா காலேஜ் பேரு கட்டாயம் வேணும்க்கா. அங்க அதப் பாத்துத்தான் கூப்பிடுவாக. இங்க, எங்க சீனியர் இன்னைக்கு வரைக்கும் நா எங்க படிச்சேன்னு கேக்கல."

"என் வயசுல கம்பெனில எடுப்பாகளா?"

"எனக்குத் தெரிஞ்சு பாத்ததில்லக்கா. இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது."

"பட்டம் கேரளாவுல வாங்கினாத்தான் அந்தப் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போக முடியுமா?"

"அப்படியில்ல. எங்கன பதிவு பண்ணாலும் எந்தக் கோர்ட்டுலயும் நிக்கலாம். பாஷ தெரியணும், அம்புட்டுத்தான்." சோற்றை முடித்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்களுக்குத்தான் அது தெரியுமே."

உள்ளே மணி அடித்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். புங்கம்பூ உதிர்கிற காலம் போயிருந்தது. ஆனாலும் ஏதோ உதிர்ந்துகொண்டிருப்பது போல இருந்தது. மலைமேல் ஜன்னலோரம் எனக்கென்று போட்டு வைத்திருந்த நாற்காலியை நானே மெல்ல எடுத்து உள்ளே வைத்தேன். அழுகை வரவில்லை. நல்ல கனவிலிருந்து யாரும் தட்டாமல் தானாகவே விழித்தால் கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருப்போமே, அப்படி இருந்தேன்.

மறுநாள் கடையில் கூட்டமில்லை, காற்றுக் காலத்தில் அப்படித்தான். மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"ரோட்டு மேல இருக்க அந்த மனைய ஒருத்தர் கேக்குறாக. குடுத்துரலாம்னு இருக்கேன். நீ மலைக்கு மேலயே சேந்துரு. பாப்பாவ அக்கா பாத்துக்கும். கேட்டுட்டேன்."

எனக்குத் தெரியாமல் அவர் இவ்வளவு தூரம் போயிருந்தார். அந்த மனையில் என்றாவது சொந்தக் கட்டடமாகக் கடை கட்டுவதாக இருந்தார்.

"நா தேனியிலயே சேந்துக்கிறேங்க" என்றேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். "எங்களுக்காக விட்டுக்குடுக்குறேன்னு செய்யாத. பின்னால அது உள்ளயே கெடக்கும்."

"விட்டுக்குடுக்கல." கோர்ட்டில் கேட்டதை எல்லாம் சொன்னேன். மூன்று வருடம் என் சம்பளம் இருக்காது, அதற்குப் பிறகு இன்னும் மூன்று வருடம் பேருக்குத்தான் வரும், பணம் படிக்கும்போது தேவைப்படுவதைவிட அப்போதுதான் அதிகம் தேவைப்படும் என்றேன். "கம்பெனி வேலைக்குப் போற வயசும் எனக்கில்ல, ஆசையும் இல்ல. மலையாளப் பத்திரத்தத் தூக்கிட்டு வர்ற என் ஆளுங்க தேவாரத்துலயும் கோம்பையிலயும் இருக்காக. நா எதுக்குப் பெரிய பேரு வாங்க அம்புட்டுத் தூரம் போகணும்?"

"அங்கன நீ நின்னத நா பாத்தேன்" என்றார்.

"நின்னேன். பிடிச்சுத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல."

வெளியே காற்று ஒரு காலி சாக்கை ரோட்டின் குறுக்கே உருட்டிக்கொண்டு போனது. இருவரும் அதைப் பார்த்தோம். அவர் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு, "அப்ப அந்த மஞ்சுக்கு என்ன செய்றது?" என்றார்.

"அதுக்கு வருசத்துக்கு ஒரு தடவ பைக்குல போயிட்டு வருவோம்."

சிரித்துவிட்டார். மனையை விற்கவில்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் போய் விண்ணப்பத்தைப் பதிவு செய்தோம். முதல் விருப்பம் தேனி, இரண்டாவது மதுரை. சென்டரில் இருந்த பெண், மதுரையை முதலில் போடாதது ஏன் என்று கேட்டாள். "பஸ் வசதி" என்றேன். அதுவும் உண்மைதான். சில வாரங்கள் கழித்து தேனியில் இடம் ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். முதலாளியிடம் சொன்னேன். அவர் அதை மாடிக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். தரம் பிரிக்கும் பெண்கள் எல்லாரும் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷமும் வெறுமையும் சேர்ந்தே வந்தன. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மலையைப் பார்த்தேன். மேகம் மூடியிருந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதல் சில மாதங்கள் கடினமாக இருந்தன. காலையில் மகளைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு, போடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ், பிறகு கொஞ்சம் நடை. வகுப்பில் ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர், ஒரு தாலுகா ஆபீஸ் ஊழியரின் மனைவி, கடமலைக்குண்டிலிருந்து வரும் ஒரு பெண், மற்றவர்கள் எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. ஒப்பந்தச் சட்டம் எனக்குக் கணக்கு எழுதிய பழக்கத்தால் எளிதாக வந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் பரீட்சையில் தேறவில்லை. திரும்ப எழுதினேன். சம்பளம் நின்ற வீட்டில் எதை வாங்கினாலும் இருமுறை யோசிக்க வேண்டியிருந்தது. என் கணவர் எதையும் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் சில நாட்கள் காரணமில்லாமல் சிடுசிடுத்தேன்.

மகள் மட்டும் ஒன்றைச் சொன்னாள். பள்ளியில் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்களாம். "எங்கம்மாவும் ஸ்கூலுக்குத்தான் போறாக" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

இப்போது இரண்டாம் வருடம் முடியப் போகிறது. மறுபடியும் காற்றுக் காலம். வகுப்பில் ஜன்னலை மூடினால் புழுங்கும், திறந்தால் தாள்கள் பறக்கும். போன வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு இல்லை. பஸ் நிறுத்தத்தில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். யாரும் கேட்காமலே பேச்சு, படித்து முடித்து என்ன செய்வது என்பதில் போய் நின்றது. கடமலைக்குண்டுப் பெண் ஜட்ஜ் பரீட்சை எழுதப் போகிறாள். எங்கள் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையன் சென்னைக்குப் போகிறான், அங்கே ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறான். போலீஸ்காரர் பென்ஷன் வாங்கிக்கொண்டு இலவசமாக வாதாடப் போவதாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கக்கா?" என்றாள் கடமலைக்குண்டுப் பெண்.

"போடி கோர்ட்டு" என்றேன்.

"அவ்வளவு பக்கமா?"

வீரபாண்டிப் பக்கமிருந்து மழை மேகம் ஒன்று, வயல்களின் மேல் நிழலை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதன் முதல் தூறல் எங்கள் மேல் விழுந்தபோது பஸ் வந்தது. எல்லாரும் முண்டியடித்து ஏறினோம். எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.